பெண் அந்துப்பூச்சியின் இறக்கை எங்கே போயிற்று?

தேவிபட்டினத்துக்கு வடக்கே, மணலும் உவர்த்தரையும் சேரும் இடத்தில் ஒரு கருவேலமரம் தனியாக நிற்கிறது. வள்ளம் கரையேறிய பிறகு கிழிந்த வலையை அதன் நிழலில்தான் விரித்துப்போட்டுச் சரிசெய்வார்கள். போன முறை ஊருக்குச் சென்றிருந்தபோது நானும் அங்கே போய் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே கிளை முழுவதும் சின்னச் சின்ன விறகுக்கட்டுகள் தொங்கின. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம் இருக்கும். முள்ளையும் குச்சியையும் அளவாக நறுக்கி, நெடுக்குவாக்கில் அடுக்கி, பட்டுநூலால் ஒட்டியது போன்ற வேலைப்பாடு.

"இது சிலந்தி கட்டியது" என்றார் ஒருவர். "வண்ணத்துப்பூச்சிக் கூடு. பத்து நாளில் பறந்துவிடும்" என்றார் இன்னொருவர். வலையின் மறுமுனையில் இருந்த பெரியவர் இரண்டையும் ஏற்கவில்லை. கையிலிருந்த கத்தியால் ஒன்றை அறுத்துப் பிளந்து காட்டினார். உள்ளே வெளிறிய மஞ்சள் நிறத்தில், காலும் இறக்கையும் கண்ணுக்குத் தெரியாத கொழுத்த உருவம் ஒன்று நெளிந்தது. "பாருங்கள் தம்பி. புழுவாகப் பிறந்து புழுவாகவே சாகிற இனம் இது" என்றார்.

அது புழு இல்லை, வளர்ந்து முடிந்த அந்துப்பூச்சி, முட்டையிடக் காத்திருக்கும் தாய் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"இறக்கை இல்லாதது எப்படித் தம்பி அந்துப்பூச்சி ஆகும்? சரி, ஆகட்டும். தாய் பறக்காது என்றால், மொட்டை மணலில் ஒற்றையாக நிற்கிற இந்த மரத்துக்கு இது எப்படி வந்து சேர்ந்தது?"

இரண்டுமே நல்ல கேள்விகள். நிழலில் உட்கார்ந்தபடி அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெயர்க் குழப்பம் முதலில்

நம் பேச்சில் விட்டில், அந்து, தட்டான், வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. நெல்லில் விழும் சின்னப் பூச்சியை மட்டும் அந்து என்பவர்கள் உண்டு. விளக்கைச் சுற்றும் எதையும் விட்டில் என்பவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் அந்துப்பூச்சி என்பது வண்ணத்துப்பூச்சிக்கு நெருங்கிய உறவான, பெரும்பாலும் இரவில் நடமாடுகிற, உடலிலும் இறக்கையிலும் செதிள் தூள் படிந்த பூச்சிகள் அனைத்தையும் குறிக்கும். வீட்டுச் சுவரில் இறக்கையைக் கூரைபோலச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் பழுப்புப் பூச்சி அந்த வகைதான். பட்டுப்பூச்சியும் அப்படியே.

இவற்றின் வாழ்க்கை நான்கு கட்டங்களாகப் போகிறது: முட்டை, புழு, கூட்டுப்புழு, முழு வளர்ந்த பூச்சி. தின்பதும் பருப்பதும் புழுவின் வேலை. கூட்டுப்புழு தின்னாது, நகராது. தோலுக்குள்ளேயே பழைய உடலைக் கலைத்துப் புதிய உடலைக் கட்டும். இந்த மாறுதலுக்குத்தான் உருமாற்றம் என்று பெயர்.

மரத்தில் தொங்கிய விறகுக்கட்டு, கூட்டுப்புழுவின் கூடு மட்டும் இல்லை. முட்டையிலிருந்து வந்த முதல் நாளே புழு அதைக் கட்டத் தொடங்கிவிடுகிறது. வளர வளர நீட்டிக்கொள்கிறது. நத்தை ஓட்டைச் சுமப்பதுபோலச் சுமந்துகொண்டு, தலையையும் முன்னங்கால்களையும் மட்டும் வெளியே நீட்டி இலை தின்கிறது. இப்படிக் கூடு சுமக்கும் அந்துப்பூச்சிகள் சைக்கிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வேலமரங்களில் விறகுக்கட்டுப் போலத் தொங்கவிடுவது யூமெட்டா கிராமெரி என்ற இனம். இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு.

இலங்கை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முற்பிறவியில் விறகு திருடியவர்களே இப்படிக் கட்டைச் சுமக்கும் புழுவாகப் பிறக்கிறார்கள் என்று சிங்கள மக்கள் நம்பியதாக, 19ஆம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அறிவியல் இல்லைதான். ஆனாலும் அந்தக் கூட்டைக் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்ன கதை அது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆண்பனை, பெண்பனை

"இறக்கை இல்லாதது எப்படி அந்துப்பூச்சி ஆகும்?" என்ற கேள்விக்குச் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் விடை இருக்கிறது. அலகுப்பனை என்னும் ஆண்பனை காய்க்காது. நுங்கும் பழமும் பருவப்பனை என்னும் பெண்பனையில் மட்டும்தான். அதற்காக ஆண்பனையைப் பனை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. விதைக்கும்போது எந்தக் கொட்டை ஆண், எந்தக் கொட்டை பெண் என்று தெரிவதும் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பாளை விட்ட பிறகுதான் தெரியும்.

ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் உருவத்தில் இப்படி வேறுபடுவதற்குப் பால்வேற்றுமை என்று பெயர். சேவலுக்கும் கோழிக்கும் உள்ளதும் அதுவே. அந்துப்பூச்சிகளில் சில இனங்கள் இதை மிகத் தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டன. ஆணுக்கு நான்கு இறக்கை, சீப்புப் பற்களைப் போல விரிந்த உணர்கொம்பு, விறுவிறுப்பான பறத்தல். பெண்ணுக்கு முட்டை நிரம்பிய வயிறு. மற்ற உறுப்புகள் எல்லாம் பெயரளவுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணவன் மனைவி என்று நம்புவது கடினம்.

பூச்சி உலகில் இது அவ்வளவு புதுமையும் இல்லை. பப்பாளியிலும் பருத்தியிலும் வெள்ளை மாவாக ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியை நம் விவசாயிகள் நன்றாக அறிவார்கள். அங்கே நாம் பார்ப்பதெல்லாம் பெண்களும் குஞ்சுகளும்தான். ஆண் கண்ணுக்குத் தப்பும் அளவில், இறக்கையோடு பறந்து திரியும்.

ஈசலோடு மட்டும் இதைச் சேர்க்க வேண்டாம். மழை பெய்த மாலையில் புறப்படும் ஈசல், ஆண் பெண் இரண்டுமே பறந்துவிட்டுப் பிறகு இறக்கையை உதிர்க்கிறது. உதிர்ந்து போவது வேறு, வளராமலே போவது வேறு.

பறக்காமையிலும் பல படிகள்

"இறக்கை இல்லை" என்பதும் "பறக்காது" என்பதும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இந்தத் துறையில் நடக்கும் பெரிய குழப்பம் இதுதான்.

பட்டுப்பூச்சியைப் பாருங்கள். ஆண், பெண் இரண்டுக்கும் இறக்கை இருக்கிறது. இரண்டும் பறப்பதில்லை. சீனாவில் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டு மனிதன் தட்டில் வைத்து வளர்த்ததன் விளைவு அது. ஐரோப்பாவில் லிமான்ட்ரியா டிஸ்பார் என்று ஓர் இனம் உண்டு. அதன் பெண்ணுக்கும் முழு இறக்கை உண்டு, ஆனால் பறக்காது. வேடிக்கை என்னவென்றால், அதே இனத்தின் ஆசியக் கிளையில் பெண் நன்றாகவே பறக்கிறது.

அடுத்த படி, குட்டை இறக்கை. ஐரோப்பாவின் குளிர்கால அந்துப்பூச்சியில் பெண்ணுக்குச் சட்டைக் காலர் போலச் சிறிதாக நான்கு துண்டுகள் மட்டும் இருக்கும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்து வெளிவந்ததும் அது அடிமரத்தில் நடந்தே மேலே ஏறுகிறது. அந்த நடையை அறிந்த ஆப்பிள் தோட்டக்காரர்கள் அடிமரத்தைச் சுற்றிப் பசைப் பட்டை கட்டி, ஏறிவரும் பெண்களைப் பிடிக்கிறார்கள். பறக்கும் பூச்சியிடம் இந்த வித்தை செல்லுமா?

இன்னும் ஒரு படி இறங்கினால் ஆர்கியா இனங்கள். முதுகில் பல்துலக்கும் பிரஷ் போல முடிக்கொத்துகள் வைத்திருக்கும் கம்பளிப்பூச்சி இவற்றின் புழு. இதன் பெண்ணுக்கு இறக்கை வெறும் முளையாக நின்றுவிடுகிறது. கூட்டைவிட்டு வெளியே வந்து, அந்தக் கூட்டின் மேலேயே உட்கார்ந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். ஆர்கியா போஸ்டிகா என்ற இனம் நம் நாட்டில் ஆமணக்கு, மா உள்ளிட்ட பல செடிகளில் இருக்கிறது.

கடைசிப் படியில்தான் நம் கருவேலமரத்து விறகுக்கட்டு. இறக்கைக்குத் தடயம்கூட இல்லை. பெண் தன் கூட்டைவிட்டே வெளியேறுவதில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவு: பறக்காத பெண் அந்துப்பூச்சி குறைபாடு உள்ள பூச்சி இல்லை, அந்த இனத்தின் இயல்பான பெண்ணே அப்படித்தான். இறக்கை முழுதாக இருந்தும் பறக்காதது முதல், இறக்கையே இல்லாதது வரை பல நிலைகள் உண்டு.

பாயை இறக்கிவிட்டுச் சரக்கை ஏற்றுவது

சரி, இறக்கை என்ன சும்மா வந்ததா? அவ்வளவு நல்ல கருவியை ஒரு பூச்சி ஏன் கைவிட வேண்டும்?

பாய் கட்டிய வள்ளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மரம், பாய், கயிறு எல்லாவற்றுக்கும் எடை உண்டு, இடம் உண்டு, செலவு உண்டு. தொலைவுக்குப் போக வேண்டும் என்றால் அத்தனையும் தேவை. ஆனால் ஒரு வள்ளம் கரையோரமாகவே நின்று, மீனை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்காக மட்டும் பயன்படப் போகிறது என்றால்? பாயையும் மரத்தையும் இறக்கிவிட்டு அந்த இடத்திலும் மீனை நிரப்பலாம்.

பூச்சிக்கு இறக்கை என்பது வெறும் இரண்டு சோடித் தகடு இல்லை. அதை அடிக்க நெஞ்சுப் பகுதி முழுவதும் தசை அடைத்திருக்க வேண்டும். அந்தத் தசைக்குப் புரதம் வேண்டும், ஓட்டுவதற்குக் கொழுப்பு வேண்டும். முட்டைக்கும் அதே புரதம், அதே கொழுப்பு. சைக்கிடே பூச்சிகளுக்கும் ஆர்கியாவுக்கும் இதில் இன்னொரு நெருக்கடி. வளர்ந்த பூச்சிக்கு உண்ண வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததே மொத்தக் கையிருப்பு, அதற்குப் பிறகு வருமானம் இல்லை. அந்தக் கையிருப்பைத் தசைக்குப் பங்கிட்டால் முட்டை குறையும். முட்டைக்கே கொடுத்தால் பறக்க முடியாது.

இதை வெறும் ஊகம் என்று தள்ள முடியாது. சிலவகைச் சுவர்க்கோழிகளில் ஒரே இனத்துக்குள்ளேயே நீண்ட இறக்கை உள்ளவையும் குட்டை இறக்கை உள்ளவையும் உண்டு. குட்டை இறக்கைப் பெண் பறக்காது, ஆனால் முன்னதாகவே முட்டையிடத் தொடங்குகிறது, கூடுதலாகவும் இடுகிறது. நீண்ட இறக்கைப் பெண்ணிடம் பறக்கும் தசை நன்றாக இருக்கிறது, முட்டைப்பை சிறுத்திருக்கிறது. கணக்கு நேருக்கு நேர் தெரிகிறது.

விறகுக்கட்டுக்குள் இருக்கும் பெண் இந்தக் கணக்கின் கடைசி எல்லை. தலையும் நெஞ்சும் சிறுத்து, உடல் ஏறக்குறைய முழுவதும் முட்டைப்பையாகவே ஆகிவிட்டது. இனத்தைப் பொறுத்துச் சில நூறு முட்டைகள், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல். இட்டு முடித்தபின் அது வற்றிச் சுருங்கிவிடும். பெரியவர் பிளந்து காட்டியது அந்தக் கொழுத்த நிலையைத்தான். இன்னும் சில நாள் கழித்துப் பிளந்திருந்தால் முட்டைக் குவியலும் ஒரு சுருங்கிய தோலும்தான் இருந்திருக்கும்.

கருவாட்டு வாசனை வந்த வழி

அசையாத பெண்ணை ஆண் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இருட்டில், அதுவும் கூட்டுக்குள் ஒளிந்திருப்பதை?

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எங்கோ கருவாடு காய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பி நடந்தால் நேராகக் களத்துக்கே போய்ச் சேரலாம். வாசனை விட்டுப்போனால் கொஞ்சம் இடமும் வலமும் நகர்ந்து மறுபடி பிடிக்கலாம். ஆண் அந்துப்பூச்சி செய்வதும் கிட்டத்தட்ட இதுவே.

பெண் தன் உடலிலிருந்து மிக நுண்ணிய அளவில் ஒரு வேதிப்பொருளைக் காற்றில் விடுகிறது. ஓர் உயிரி வெளியிட்டு, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றின் நடத்தையை மாற்றும் இத்தகைய பொருளுக்குப் பெரமோன் என்று பெயர். ஆணின் சீப்புக் கொம்புகள் அதைப் பிடிப்பதற்காகவே அமைந்தவை. மணம் பட்டதும் காற்றை எதிர்த்துப் பறக்கும், மணம் அறுந்தால் குறுக்கும் நெடுக்குமாக வீசித் தேடும்.

உலகில் முதன்முதலாக வேதி அமைப்பு கண்டறியப்பட்ட பெரமோன், பட்டுப்பூச்சியுடையது. ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் பூட்டெனான்ட் குழுவினர் ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் பிரித்தெடுத்து, 1959இல் அதை வெளியிட்டார்கள். பாம்பிக்கோல் என்று பெயரிட்டார்கள். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் பருத்திக் காட்டில் வேளாண் துறையினர் கட்டச் சொல்லும் இனக்கவர்ச்சிப் பொறிக்குள் இருப்பதும் இந்த வகைப் பொருள்தான், பூச்சிக்குப் பூச்சி சரக்கு மாறும். அதில் விழுவதெல்லாம் ஆண் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

விறகுக்கட்டுப் பூச்சியில் ஆண் வந்து கூட்டின் கீழ்நுனியில் தொற்றிக்கொள்ளும். அதன் வயிறு தொலைநோக்கிக் குழாய் போல நீளும். அதைக் கூட்டுக்குள் செலுத்தி இணைசேரும். பெண்ணின் முகத்தை ஆண் பார்ப்பதே இல்லை. நம் கவிஞர்கள் விளக்கில் விழும் விட்டிலைப் பற்றி எவ்வளவோ பாடியிருக்கிறார்கள். இந்த இனங்களைப் பொறுத்தவரை விளக்குக்கு வருவது ஆண் மட்டுமே.

ஆக, பறப்பது இந்தக் குடும்பத்தைவிட்டுப் போய்விடவில்லை. ஆணின் பங்காக நிற்கிறது. மீதிப் பயணத்தை யார் செய்கிறார்கள் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கூட்டுக்குள் நடப்பது

இறக்கை உண்மையில் எப்படி இல்லாமல் போகிறது? இது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

பூச்சியின் இறக்கை கூட்டுப்புழுக் கட்டத்தில் திடீரென்று முளைப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இலை தின்றுகொண்டிருக்கும் புழுவின் உடலுக்குள்ளேயே, நெஞ்சுப் பகுதியில் நான்கு சிறு செல் திரள்கள் மடிந்து காத்திருக்கின்றன. இவற்றை இறக்கை மொட்டு என்று சொல்லலாம். புழு கூட்டுப்புழுவாகும்போது இந்த மொட்டுகள் வெளிப்பக்கம் பிதுங்கி, விரிந்து, இறக்கையாகின்றன.

எப்போது விரிய வேண்டும் என்பதை எக்டைசோன் என்னும் ஹார்மோன் சொல்கிறது. ஹார்மோன் என்றால் உடலின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு பரவி, வேறிடத்தில் வேலை ஏவும் பொருள். எக்டைசோன் பூச்சிகளின் தோலுரிப்பையும் உருமாற்றத்தையும் ஏவுவது.

ஆர்கியா போன்றவற்றில் பெண் புழுவுக்கும் இறக்கை மொட்டு இருக்கிறது. ஆண் புழுவையும் பெண் புழுவையும் வெளியிலிருந்து பார்த்தால், பெண் சற்றுப் பெரிதாக வளரும் என்பதைத் தவிர அதிக வேறுபாடு தெரியாது, நம் பனங்கொட்டை மாதிரி. கூட்டுப்புழுவானதும் எக்டைசோன் அளவு உயர்கிறது. ஆணின் மொட்டுச் செல்கள் அதைக் கேட்டு வளர்ந்து விரிகின்றன. பெண்ணின் மொட்டுச் செல்கள் அதே ஏவலைக் கேட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மை அழித்துக்கொள்கின்றன.

ஒரே ஹார்மோனுக்கு இரண்டு எதிர்வினையா என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் நான்கு மணிக்கு அடிப்பது ஒரே மணிதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் மணி, பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு தொடங்கும் மணி. மணியில் வேறுபாடு இல்லை, கேட்பவர் எந்த வகுப்பு என்பதில் இருக்கிறது.

செல்கள் இப்படி ஒழுங்குமுறையாகத் தம்மை முடித்துக்கொள்வதற்குத் திட்டமிட்ட செல் இறப்பு என்று பெயர். பெயர் பயமுறுத்தினாலும் நாள்தோறும் நடக்கும் காரியம். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மறைவது இதனால்தான். தாய் வயிற்றில் நம் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு நீங்கியதும் இதனால்தான்.

விறகுக்கட்டுப் பூச்சியின் வகையில் பெண்ணின் இறக்கை மொட்டு கூட்டுப்புழுக் கட்டம் வரைகூடக் காத்திருப்பதில்லை. புழுவாக இருக்கும்போதே வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதனால்தான் ஆர்கியாப் பெண்ணுக்கு முளையாவது மிஞ்சுகிறது, இதற்கு அதுவும் மிஞ்சுவதில்லை.

இந்த இடத்தில் அடிக்கடி தவறாகச் சொல்லப்படும் ஒன்று: "பெண்ணிடம் இறக்கைக்கான மரபணுவே கிடையாது." இருக்கிறது. மனிதர்களில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என இருவேறு பால் குரோமோசோம்கள், பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். அந்துப்பூச்சிகளில் இது தலைகீழ், கோழியைப் போல. ஆணுக்கு இரண்டும் ஒரே வகை, பெண்ணுக்கு இருவேறு வகை. ஆனால் இறக்கையைக் கட்டுவதற்கான மரபணுக்கள் பெரும்பாலும் இருபாலுக்கும் பொதுவானவை. இறக்கையோடு பறக்கும் மகனுக்கு அவற்றில் பாதியைக் கொடுத்தவள் இறக்கையில்லாத தாய்தானே. வீட்டுப் பத்திரமும் வரைபடமும் அவளிடமே இருக்கின்றன, அந்த அறையை மட்டும் கட்டுவதில்லை.

"பயன்படுத்தாததால் தேய்ந்துவிட்டது"

இதைப் பள்ளி ஆசிரியர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண் பூச்சி பறக்காமல் உட்கார்ந்தே இருந்ததாம், இறக்கை தேய்ந்துபோயிற்றாம். ஒரு பூச்சி தன் வாழ்நாளில் பயன்படுத்தாமல் விட்ட உறுப்பு அதன் மகளுக்குக் குறைந்து பிறக்காது. காலமெல்லாம் கடலுக்கே போகாமல் கடை வைத்திருந்தவர் மகனுக்கு நீந்தும் கை இல்லாமல் போய்விடுகிறதா?

நடந்தது வேறு. ஒரு காலத்தில் இந்தப் பூச்சிகளின் பெண்களும் பறந்தன. அவற்றுக்குள் இயல்பாகவே சிறு வேறுபாடுகள் இருந்தன, சிலவற்றுக்கு இறக்கை சற்றுச் சிறிது, சிலவற்றுக்குத் தசை சற்றுக் குறைவு. சுற்றிலும் புழுவுக்கு உணவு தாராளமாக இருக்கும் காட்டில், தொலைவுக்குப் பறந்து போவதால் பெரிய ஆதாயம் இல்லை. அங்கே தசையில் மிச்சப்படுத்தி நூறு முட்டை கூடுதலாக இட்ட பெண்ணுக்குப் பிள்ளைகள் அதிகம். அந்தப் பிள்ளைகளில் மகள்களும் தாயைப் போலவே இருந்தன. தலைமுறை தலைமுறையாக இது தொடர்ந்ததில் பறக்கும் பெண்கள் அருகிப்போயின. சூழலுக்குப் பொருந்திய வேறுபாடு, கூடுதல் பிள்ளைகள் வழியாக இனம் முழுவதும் பரவுவதுதான் இயற்கைத் தேர்வு.

எல்லா அந்துப்பூச்சிக்கும் இது கட்டுப்படியாகாது. பூவுக்குப் பூ போய்த் தேன் குடிக்க வேண்டிய பூச்சி இறக்கையை விட முடியாது. குறிப்பிட்ட ஒரே செடியைத் தேடி முட்டையிட வேண்டியதும் விட முடியாது. வளர்ந்தபின் உண்ணாத, புழு பல மரங்களில் பிழைக்கக்கூடிய, பெண் இருந்த இடத்திலேயே ஆணை அழைக்கக்கூடிய இனங்களில்தான் பறக்காமை பெரும்பாலும் தோன்றியிருக்கிறது. அதுவும் ஒரே ஒரு முறை இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பகலில் கண்ணால் இணை தேடும் வண்ணத்துப்பூச்சிகளில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு விளக்கம் சட்டென்று தோன்றும்: காற்று அடித்துக் கடலுக்குள் தள்ளிவிடும் என்பதால் இறக்கை போயிருக்கும். இதே யோசனை டார்வினுக்கும் இருந்தது. அட்லாண்டிக்கில் உள்ள மதீராத் தீவுகளின் வண்டுகளில், அறியப்பட்டிருந்த 550 இனங்களில் 200 பறக்க இயலாதவை என்பதைப் பார்த்து, பறந்தவை கடலில் அடித்துச் செல்லப்பட்டு, பறக்காதவை மிஞ்சியிருக்கலாம் என்று 1859இல் எழுதினார். தீவு வண்டுகளுக்கு அது பொருந்தலாம். நம் மரத்துப் பூச்சிக்குப் பொருந்தாது. காற்று ஆண், பெண் பார்த்து அடிப்பதில்லையே. காற்றுதான் காரணம் என்றால் ஆணும் இறக்கை இழந்திருக்க வேண்டும். தெற்கே வெகுதொலைவில், ஓயாமல் புயல் வீசும் கெர்கெலன், மரியான் தீவுகளில் உள்ள பிரிங்லியோஃபேகா என்னும் அந்துப்பூச்சியில் அப்படித்தான், இரு பாலும் பறப்பதில்லை. நம்முடையதில் பெண் மட்டும். காற்றே படாத உள்நாட்டு வேலமரத்திலும் அதே பெண்தான்.

மரத்தில் பார்க்க வேண்டியவை

எந்தக் கூட்டில் ஆண் இருந்தது, எதில் பெண் இருக்கிறது என்று பிளக்காமலே ஓரளவு சொல்லலாம். கூட்டின் கீழ்நுனியில் பழுப்பு நிறத்தில் வெற்றுத் தோல் ஒன்று பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால், ஆண் வெளியேறிப் பறந்துவிட்டது என்று பொருள். பெண்ணின் கூட்டில் அது தெரியாது.

வீட்டு மாதுளையிலோ அழகுச் செடியிலோ இவை மிகுந்துவிட்டால் மருந்தைவிடக் கத்தரிக்கோல் நல்லது. முட்டை பொரிக்கும் முன் கூடுகளை வெட்டி எடுத்து அழித்துவிட்டால், ஒவ்வொரு பெண் கூட்டோடும் நூற்றுக்கணக்கான முட்டைகள் போகும். பிடுங்க வேண்டாம், கிளையைச் சுற்றிய பட்டுக்கயிறு வலுவானது, அதை அறுத்தே எடுக்க வேண்டும். இரவில் விளக்குப் பொறி வைத்துவிட்டுத் தூங்கிப் பயனில்லை, வந்து விழுவது ஆண்தான்.

ஒற்றை மரத்துக்கு வந்தது எப்படி

இனிப் பெரியவரின் இரண்டாவது கேள்வி. ஆண் பறந்து வரலாம், ஆனால் ஆண் முட்டையிடாது. தாய் நகராது. பிறகு?

பொரித்து வரும் புழு ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். தாயின் கூட்டிலிருந்து வெளியே வந்து ஒரு பட்டு இழையை விட்டுக் கீழே தொங்கும். காற்று அந்த இழையைப் பிடித்துத் தூக்கினால் புழுவும் கூடவே போகும், பட்டம் போல. பெரும்பாலானவை அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ இறங்கும். ஒரு மரம் முழுவதும் கூடுகளாகத் தொங்க, பத்தடி தள்ளி நிற்கும் மரம் சுத்தமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பல புழுக்கள் மணலிலும் நீரிலும் விழுந்து சாகும். எங்கோ ஒன்றிரண்டு, நல்ல இலையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு தாய்க்கு ஆயிரம் பிள்ளைகள் என்றால் இந்தச் சூதாட்டம் கட்டுப்படியாகிறது. தாய் பறப்பதற்குச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தது இதற்காகத்தான்.

இதைச் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் பிளந்த கூட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்படியென்றால் இது கச்சானில் வந்ததா, வாடையில் வந்ததா?"

கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வாடை வடக்கிலிருந்து. கடலில் காற்றைப் பார்த்தே பிழைத்தவர் கேட்கிற கேள்வி. அவரே எழுந்து நின்று கையை நெற்றியில் வைத்துச் சுற்றிலும் பார்த்தார். வடக்கே உப்புத்தரை, கண்ணுக்கெட்டிய வரை ஒரு செடி இல்லை. கிழக்கே கடல். மேற்கே, சாலைக்கு அந்தப் பக்கம், கண்மாய்க் கரையில் நாலைந்து கருவேலமரங்கள்.

"கச்சான்" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.